நாடாவில் கோத்த பன்னிரண்டு அட்டைகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆயாக்களுக்கும் உதவி டீச்சர்களுக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மூக்கு துடைப்பது, தூங்கிப்போன குழந்தையின் கையிலிருந்து பிஸ்கட்டை எடுப்பது, முதல் நாள் அழுகிற பிள்ளையை அம்மாவின் புடவையிலிருந்து பிரிப்பது எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். அதை எழுதி உங்கள் நேரத்தைத் தின்ன நான் விரும்பவில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். இது உங்களில் யாருக்காவது பயன்படலாம். முக்கியமாக, என்னைப் போலப் பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு.

நான் படித்தது ஐந்தாவது வரை, நாசரேத் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில். கல்யாணமாகித் தாராவிக்கு வந்தேன். அறுபதுகளில் மாதுங்காவில் ஒரு நர்சரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். கதவைப் பூட்டிவிட்டுச் சந்து முனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் மூன்று தடவை எண்ணுவேன். ஆயா வேலைக்கு இந்தப் பயம் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நர்சரி என்றால் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இரண்டு அறை. இருபத்திரண்டு பிள்ளைகள். நடத்தியவர் ஒரு டீச்சர். பாலக்காட்டுக்காரர், செம்பூரில் வீடு. பெரும்பாலும் மாதுங்கா ஆபீஸ்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். இரண்டு மூன்று குஜராத்திக் குடும்பங்கள், ஒரு மராத்திக் குடும்பம். தாராவியிலிருந்து ஒரே ஒரு பிள்ளை, மல்லிகா. எங்கள் பக்கத்துச் சந்து. அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை. அம்மா பாக்கியம் வீட்டில் உட்கார்ந்து தோல் பர்ஸுகளுக்குப் பசை தடவுவாள். "நம்ம பிள்ளையளும் இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்கலாம், கொண்டுவந்து விடு" என்று பாக்கியத்திடம் பேசிப் பேசிச் சேர்க்கவைத்தது நான்தான்.

அந்த நர்சரிக்குப் பிள்ளைகளை அனுப்பியதற்கு ஒரே காரணம்தான். அருகில் ஒரு பெரிய கான்வென்ட் இருந்தது. கே.ஜி. வகுப்பில் இடம் வேண்டுமென்றால் நாலரை வயதுப் பிள்ளையை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். பெயர் என்ன, இது என்ன நிறம், பிறகு கட்டாயமாக இந்தக் கேள்வி: நாய் என்ன சொல்லும், பசு என்ன சொல்லும். அதற்கான பதிலை இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாய்க்கு ஏது இங்கிலீஷ்? எங்கள் ஊரில் நாய் லொள் லொள் என்று குரைக்கும், ஆடு மே என்று கத்தும், பசு அம்மா என்று கூப்பிடும். இங்கே நாய் பவ்-வவ், ஆடு பா, பசு மூ. கொக்கரக்கோ என்று கூவுகிற சேவலை குஜராத்திப் பையன் குக்டே-கூக் என்பான், மராத்திப் பெண் குகூச்-கூ என்பாள், டீச்சர் காக்-அ-டூடில்-டூ என்பார். தேனீ பஸ்ஸ் என்று சொல்லும் என்றதும் ஒரு பையன் எழுந்து, "எத்தனாம் நம்பர் பஸ், டீச்சர்?" என்று கேட்டான்.

டீச்சரிடம் ஒருநாள் கேட்டேன், "இதெல்லாம் எதுக்கு டீச்சர்? பிள்ளைக்குத்தான் சேவல் கூவுறது தெரியுமே?"

"தெரியும்தான், ஞானம். ஆனா அங்கே உட்கார்ந்திண்டு கேக்கறவாளுக்குக் கொக்கரக்கோ தெரியாதே. என்ன பண்றது?"

டீச்சர் பழைய காலண்டர்களிலிருந்து படம் வெட்டி அட்டையில் ஒட்டிப் பன்னிரண்டு மிருக அட்டைகள் செய்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் இங்கிலீஷில் அதன் சத்தம் எழுதியிருக்கும். எனக்கு இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், கூட்டிப் படிக்க வராது.

ஒரு வருஷம், நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது டீச்சருக்கு மஞ்சள் காமாலை வந்தது. உதவி டீச்சர் அதற்கு முந்தின மாதம்தான் கல்யாணமாகிப் போயிருந்தார். அந்த வருஷம் நேர்காணலுக்குப் போக வேண்டியவர்கள் ஒன்பது பேர். டீச்சர் என்னைச் செம்பூருக்கு வரச் சொன்னார். கண் மஞ்சளாக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மூணு வாரம் நீதான் பாத்துக்கணும். பாட்டு அவாளுக்கே தெரியும். நிறம் உனக்கே தெரியும். இந்த அட்டைதான். நான் ஒரு தடவை சொல்றேன், நீ தமிழ்ல எழுதிக்கோ."

அவர் அட்டையை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பவ்-வவ், மியாவ், மூ, பா, க்வாக், காக்-அ-டூடில்-டூ, ஆய்ங்க், ஹீ-ஹா, க்ரோக், ஸ்க்வீக், ஹிஸ், பஸ்ஸ். எந்தச் சத்தம் எந்த மிருகத்துக்கு என்று எழுதவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது, நானும் அவசரப்பட்டேன். அட்டைகளை அதே வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும்போதே பயம் பிடித்துக்கொண்டது. அட்டை கீழே விழுந்து வரிசை மாறிவிட்டால்? எது ஆய்ங்க், எது க்ரோக் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஓட்டை போட்டேன். உள்பாவாடை நாடா ஒன்றைக் கோத்து இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டேன். இனி எந்தக் காற்றடித்தாலும் வரிசை மாறாது. நிம்மதியாகத் தூங்கினேன்.

என் மொத்தத் தப்பும் அந்த முடிச்சில்தான் இருந்தது.

தினமும் காலையில் அட்டைக்கட்டைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். ஒன்பது பேரும் கத்துவார்கள். ஒரு வாரத்தில் நல்லாச் சொன்னார்கள். இரண்டாவது வாரம் நான் புரட்டுவதற்கு முன்னாலேயே அடுத்த சத்தம் வந்தது. எல்லாரையும்விட மல்லிகாவின் குரல்தான் பெரிசு. வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் எட்டிப் பார்த்து, "ஆயா பிரமாதமா நடத்தறாளே" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாவது படித்தவள் இங்கிலீஷ் பாடம் நடத்துகிறேன் இல்லையா.

நேர்காணல் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் பள்ளி விடுகிற நேரம். சீனு என்ற பையனை அழைத்துப்போக அவன் அப்பா வந்திருந்தார். ஏதோ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவர், நல்ல மனிதர், கோபம் மட்டும் மூக்கில் இருக்கும். வாசலுக்கு எதிரே ஒரு ஆடு வாழையிலையைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதைக் காட்டி இங்கிலீஷில், ஆடு என்ன சொல்லும் என்று பையனைக் கேட்டார்.

சீனு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றான். "பவ்-வவ், மியாவ், மூ, பா" என்றான். அதோடு நிறுத்தியும்விட்டான்.

"பாத்தேளா! ஒண்ணு கேட்டா நாலு சொல்றான்!" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் பையன் பின்னால் கட்டியிருந்த கையை நான் பார்த்தேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகரின் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை காலை மற்ற அட்டைகளைத் துணியால் மூடிவிட்டுப் பசுவை மட்டும் காட்டினேன். ஒன்பது பேரும் ஒரே குரலில் "பவ்-வவ்" என்றார்கள். தவளையைக் காட்டினேன். அதற்கும் "பவ்-வவ்" என்று ஆரம்பித்தார்கள். நான் கை உயர்த்தி நிறுத்தும்வரை வரிசையாக ஓடிக்கொண்டேயிருந்தது. பிள்ளைகள் மிருகத்தைப் படிக்கவே இல்லை. சீனுகூட ஆடு எத்தனையாவது அட்டை என்பதைத்தான் எண்ணி வைத்திருந்தான். என் நாடாவைத்தான் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிகிறது. நான் செய்தது வேறு. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று பார்த்தேன். டீச்சருக்குத் தெரிந்தால் வேலை போகும், பெற்றோருக்குத் தெரிந்தால் மானம் போகும். கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினேன். வரிசை கலையும் முன்னே சத்தப் பட்டியலில் மிருகங்களின் பெயரை எழுதிக்கொண்டு, அட்டைகளைக் கலைத்துப்போட்டேன். திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் காலையிலிருந்து மதியம் வரை விடாமல் கேட்டேன். பன்றி? இல்லை. மறுபடி சொல். கழுதை? இல்லை. நேற்று வரை சபாஷ் வாங்கிய பிள்ளைகளுக்குத் திடீரென்று வாயைத் திறந்தால் "இல்லை" என்றே கிடைத்தது. என் பயம் என் குரலில் இருந்திருக்கும். பிள்ளைகளுக்கு அதெல்லாம் உடனே தெரியும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மல்லிகாவிடம் வாத்தைக் காட்டினேன். என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். இரண்டு உதட்டையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "சொல்லும்மா" என்றேன். நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. ஒரு வருஷமாக அவள் அப்படிச் செய்ததில்லை. வீட்டுக்குப் போகும்வரை, போன பிறகும், அவள் பேசவில்லை.

அன்று சாயங்காலம் சயானில் பஸ் மாறிச் செம்பூருக்குப் போனேன். டீச்சர் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஓட்டை போட்டது, முடிச்சுப் போட்டது, இரண்டு நாள் மறைத்தது. இன்றோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு, "யார் யார் அழறா?" என்று கேட்டார்.

"நாலு பேரு அழுதாங்க. மல்லிகா பேசவே மாட்டேங்கா."

"முதல் நாளே வந்திருந்தா ஒருத்தரும் அழுதிருக்க மாட்டா, இல்லையா?"

"ஆமா டீச்சர்."

"சரி. இதை அவா அப்பா அம்மாகிட்ட யார் சொல்லப்போறா?"

"நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா..."

"நாடா கட்டினது நானா?" என்றார். சத்தம் போடவில்லை. "எனக்கு எழுந்து நிக்க முடியலே. முடிஞ்சாலும் நான் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கார்த்தாலே நீயே வாசல்ல வச்சுச் சொல்லு. அட்டையை இனிமே தொடாதே." பிறகு, "பஸ்ஸுக்கு நாழியாறது, கிளம்பு" என்றார்.

இன்றுவரை அவர் அந்த விஷயத்தில் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஒன்பது வீட்டுக்காரர்களையும் ஐந்து நிமிஷம் நிற்கச் சொன்னேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். நின்றதும் எல்லாம் மறந்துபோனது.

"பிள்ளைங்களுக்கு மிருகச் சத்தம் தெரியாதுங்க. வரிசைதான் தெரியும். அட்டை கலைஞ்சிரக்கூடாதுன்னு நான் நாடாவில கட்டிட்டேன். தப்பு என்னோடது. டீச்சருக்கும் பிள்ளைங்களுக்கும் இதுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"என்ன உளர்றேள்? அன்னிக்கு அத்தனையும் ஒப்பிச்சானே!" என்றார் சீனுவின் அப்பா.

"ஒப்பிச்சான் சார். தேனீக்கு மட்டும் கேளுங்க."

அவர் உள்ளே தலையை நீட்டிப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். சீனு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பவ்-வவ் என்று தொடங்கினான். ஆய்ங்க் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போறும், உள்ளே போ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அஞ்சாங்கிளாஸ் படிச்சவாகிட்ட விட்டா இப்படித்தான் ஆகும். இன்னும் மூணு நாள்கூட இல்லே. இதை இன்னிக்கு வந்து சொல்றேள்!"

குஜராத்திப் பையனின் அம்மாதான் நடுவில் வந்தாள். "அரே பாய்ஸாப், சண்டை ஏன்? தீன் தின் ஹை நா? வீட்டிலே கர் லேங்கே." மூன்று நாள் இருக்கிறதே, வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்றாள். மற்றவர்களும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். எட்டு வீட்டிலும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இங்கிலீஷ் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

பாக்கியம் மட்டும் போகவில்லை. விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதை உரித்துக்கொண்டே நின்றாள்.

"எல்லாரும் வீட்ல சொல்லிக் குடுப்போங்காவ. எங்க வீட்ல யாருக்கா இருக்கா?"

"நான் வாரேன், பாக்கியம். சாயங்காலம் வாரேன்."

"நேத்துலேருந்து சோறு வேணுமான்னு கேட்டாக்கூட தலையத்தான் ஆட்டுதா. எடம் கெடைக்காட்டி பரவாயில்லக்கா. பிள்ள ஊமையாப் போயிரக் கூடாது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை.

அன்று சாயங்காலம் வெறுங்கையோடு போனேன். பாக்கியம் வாசலில் உட்கார்ந்து பர்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தாள். மல்லிகா அவள் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு பர்ஸை எடுத்துப் பசை தடவினேன். அரைமணி நேரம் அப்படியே போனது. திட்டம் போட்டுச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு ஆடு வந்து என் முந்தானையை மென்றது. திடுக்கிட்டுப்போய், "சீ, நாயே, போ!" என்று கத்திவிட்டேன்.

"அத்தை, அது ஆடு" என்றாள் மல்லிகா.

பாக்கியத்தின் கை அப்படியே நின்றது. நான் திரும்பிப் பார்க்காமல், "ஆடா? அப்ப லொள் லொள்னு கத்துமே" என்றேன்.

"இல்ல. மே-ன்னு கத்தும்."

"சரி, இங்கிலீஷ்ல? இங்கிலீஷ்ல ஆடு க்வாக்-னு சொல்லும்."

பாக்கியத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. "தப்பு! தப்பு! பா!"

"வாத்துதான் பா."

"ஐயோ, அத்தைக்கு ஒண்ணுமே தெரியல! வாத்து க்வாக்!"

அந்த மூன்று நாளும் இதுதான் பாடம். நான் தப்பாகச் சொல்வேன், அவள் திருத்துவாள். தெருவில் போகிற நாய், கூரையில் நிற்கிற சேவல், சாக்கடை ஓரத்துப் பன்றி எல்லாவற்றுக்கும் நான் தப்புச் சத்தம் போடுவேன். சந்துக்காரர்கள், "ஞானக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை தவளைக்கு ஸ்க்வீக் என்றேன். அவள் தப்பு என்றாள். இல்லையே, சரியாகத்தானே சொன்னேன் என்று பட்டியலை எடுத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. அது நான் வேண்டுமென்று செய்த தப்பில்லை.

சனிக்கிழமை பாக்கியம் தனியாக உள்ளே போக மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கான்வென்டில் என்னையும் கதவோரம் நிற்க விட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் நரைத்த தலை, கண்ணாடி போட்டவர். அவர் கையில் எங்கள் அட்டைகள் போல எதுவும் இல்லை. பெரிய படப்புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். அதிலிருந்து இஷ்டத்துக்குப் பக்கம் திருப்பினார். பசு? மூ. தேனீ? பஸ்ஸ். தவளை? க்ரோக். மல்லிகா ஒவ்வொன்றையும் படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அப்போது அவர் இன்னொரு பக்கம் திருப்பினார். யானை.

யானை எங்கள் பன்னிரண்டில் இல்லை. யானைக்கு இங்கிலீஷில் என்ன சத்தம் என்று எனக்கே தெரியாது. மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சாடை காட்டச் சொல்லி என் கை துடித்தது. என்ன காட்டுவது? கையை முந்தானைக்குள் விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். எங்கள் சந்துக்குச் சில நாள் காலையில் பாகன் ஒரு யானையைக் கூட்டி வருவான். தும்பிக்கையால் தலையைத் தொடும், போய்விடும்.

"ஹாத்தி குச் நஹி போல்தா" என்றாள். யானை ஒன்றும் சொல்லாது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். காகிதத்தில் எதையோ எழுதினார். பிறகு பாக்கியத்திடம் ஹிந்தியில், வீட்டில் யார் படிக்கவைப்பார்கள், இங்கிலீஷ் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். பாக்கியம் தரையைப் பார்த்தாள். அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது, ஆனால் மனதில் வாங்கவில்லை. நான் யானையிலேயே இருந்தேன்.

அடுத்த புதன்கிழமை கான்வென்ட் கேட்டுக்குப் பக்கத்தில் பட்டியல் ஒட்டினார்கள். சீனுவின் அப்பா எங்களைப் பார்த்ததும், "நம்ம நர்சரியில எல்லாருக்கும் கெடைச்சுடுத்து!" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவர் முகம் மாறியது. எங்களுக்காக மறுபடியும் போய்ப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். நானும் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். எட்டுப் பெயரும் இருந்தன. மல்லிகா இல்லை.

"விடுங்கக்கா. முனிசிபாலிட்டி ஸ்கூல் இருக்குல்லா" என்றாள் பாக்கியம். மல்லிகாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

என் வழக்கப்படி என்றால் நான் வீட்டுக்குப் போய் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்திருப்பேன். ஆனால் இரண்டு நாள் சும்மா இருந்ததில் என்ன ஆயிற்று என்று ஒரு வாரத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தேன். "நில்லு, வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பியூன் தடுத்தான். நர்சரியிலிருந்து வருகிறேன் என்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் விட்டார்கள்.

என் ஹிந்தி காய்கறி வாங்குகிற ஹிந்தி. அதில்தான் பேசினேன். "அந்தப் பிள்ளைக்குச் சத்தம் தப்பாப் போயிருந்தா அது என் தப்பு, அவளோடது இல்ல" என்று ஆரம்பித்தேன்.

அவர் ஒரு காகிதத்தைத் தேடி எடுத்தார். "சத்தம் எல்லாம் சரி. யானைக்கு அன்றைக்கு வேறு யாரும் அப்படிப் பதில் சொல்லவில்லை. பிரச்சினை அது இல்லை. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. தீபாவளிக்குள் பின்தங்கிவிடுவாள். சேர்த்துவிட்டுப் பிறகு அனுப்புவது இதைவிடக் கொடுமை."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் ஒரு வாரமாகப் பயந்தது எதற்கோ, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது வேறெதோ.

"நான் பாத்துக்கறேன். பக்கத்துச் சந்துதான்" என்றேன்.

"நீ எது வரை படித்தாய்?"

எட்டாவது என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. யார் போய் விசாரிக்கப்போகிறார்கள்? "அஞ்சாவது. அதுவும் தமிழ்ல" என்றேன்.

"பிறகு எப்படி?"

நாடா கதையை அவரிடம் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. "எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஒரு தடவை செஞ்சுட்டேன். இனிமே தெரியாதுன்னா தெரியாதுன்னு பிள்ளைகிட்டயே சொல்லுவேன். எங்க டீச்சரைக் கேட்டு வந்து சொல்லிக் குடுப்பேன். தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா நானே இங்க வந்து உங்ககிட்டச் சொல்லுவேன்."

"ஒன்பது வீட்டுக்கும் நீயேவா சொன்னாய்?"

"ஆமா. வாசல்ல நிக்கவச்சு."

அவர் காகிதத்தை மடித்தார், பிரித்தார். "ஜூனில் அழைத்து வா. செப்டம்பர் வரை பார்ப்பேன். முடியவில்லை என்று தெரிந்தால் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புவேன். அப்போது வந்து அழக் கூடாது" என்றார்.

ஜூன் முதல் வாரம் மழையோடு மல்லிகா கான்வென்ட் போனாள். தினமும் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். எனக்குத் தெரியாத சொல் வந்தால், "இது எனக்குத் தெரியாது மல்லி, நாளைக்குச் சொல்றேன்" என்பேன். அந்தச் சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத்து எழுத்தாகப் படம் வரைகிற மாதிரி வரைந்துகொள்வேன். மறுநாள், உடம்பு தேறி நர்சரிக்கு வந்துவிட்ட எங்கள் டீச்சரிடம் காட்டுவேன். அவர் சொல்வதைத் தமிழில் எழுதி, என்ன அர்த்தம் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வருவேன். சில நாள் ஒரு காகிதம், சில நாள் ஏழெட்டு. ஒரு தடவை தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். மறுநாள் கான்வென்டுக்குப் போய் அவளுடைய வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு நான் எதற்கு வந்தேன் என்றே புரியவில்லை.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சந்துக்குள் யார் புதிதாக வந்தாலும் கான்வென்ட் பியூன் என்றே தோன்றும். பாக்கியத்திடம் தினமும், "யாரும் கூப்பிட்டாவளா?" என்று கேட்பேன். "இல்லக்கா" என்பாள்.

செப்டம்பர் முடிந்தது. ஒருவேளை தாமதமாகக் கூப்பிடுவார்களோ என்று அக்டோபர் பாதிவரை காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.